ஒரு கேசட்டும் ஒன்பது டாக்டர்களும்

இளம் டாக்டர்களே, போன வாரம் உங்களில் ஒருவர் போனில் கேட்டார். "மேடம், தலைமைப் பயிற்சி, மக்களுக்காகப் பேசற பயிற்சின்னு அஞ்சு நாள் கூப்பிடறாங்க. இங்க ஓ.பி.யில கூட்டம் அலைமோதுது. அங்க போய் உட்கார்ந்து என்ன ஆகப் போகுது?" அடேயப்பா, எனக்கு வந்த கோபம்! போனில் கொட்டினால் தாங்கமாட்டீர்கள் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். உங்களுக்கு அரசாங்கமே பஸ் காசும் கொடுத்து, மதியச் சாப்பாடும் போட்டுக் கூப்பிடுகிறது. அதே ஐந்து நாளை நடத்துவதற்கு எட்டு மாதம் நாய் படாத பாடு பட்டவள் நான். டீயை எடுத்துவைத்துக்கொண்டு படியுங்கள்.

எண்பதுகளின் தொடக்கம். பெரம்பலூரும் அரியலூரும் அன்றைக்குத் திருச்சி மாவட்டத்தோடு சேர்ந்திருந்தன. வெள்ளாற்றுப் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நான் பொறுப்பு டாக்டர். பத்து வருட சர்வீஸ், கணீர்க் குரல், வாசலில் ஒரு ஜீப். ஜீப் உள்ள நிலையம் என்றால் அன்று தனி மரியாதை. எங்களுக்குக் கிழக்கே, ஓடை தாண்டி ஒரு சின்ன நிலையம் இருந்தது. நாலு வருடம் டாக்டரே இல்லாமல் பூட்டிக் கிடந்த இடம். அங்கே ஓர் இளம் டாக்டர் வந்து சேர்ந்தார். பெயர் வேண்டாம், சின்ன டாக்டர் என்றே சொல்கிறேன். நல்ல கைராசி. நோயாளிகளிடம் மணிக்கணக்கில் பேசுவார். ஆனால் எதிரே ஒரு அதிகாரி நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டால் போதும், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

ஒரு மழைக்காலத்தில் அவர் ஊரில் ஒரு பெண்ணுக்குப் பிரசவத்துக்குப் பிறகு ரத்தப்போக்கு நிற்கவில்லை. பஸ் ஓடவில்லை. வேறு வண்டி கிடையாது. மாட்டு வண்டியில் ஏற்றிப் புறப்பட்டிருக்கிறார்கள். ஓடைக்கரை தாண்டுவதற்குள் அவள் போய்விட்டாள். அடுத்த வாரம் திருச்சியில் எங்கள் மாதாந்திரக் கூட்டம். மாவட்ட சுகாதார அதிகாரி வழக்கம்போல, "வேற யாராச்சும் ஏதாச்சும் சொல்லணுமா?" என்று கேட்டார். சின்ன டாக்டர் எழுந்தார். நின்றார். காது சிவந்தது. "ஒண்ணுமில்ல சார்" என்று உட்கார்ந்துவிட்டார். பக்கத்து நாற்காலி என்னுடையது. நானும் வாயைத் திறக்கவில்லை. டீ வந்தது, எல்லாரும் குடித்தோம்.

திரும்பும்போது என் ஜீப்பில்தான் அவரையும் ஏற்றிக்கொண்டேன். பாதி வழியில் சொன்னார், "மேடம், துபாய்ல ஒரு ஆஸ்பத்திரியில வேலை சொல்லியிருக்காங்க. விசா வந்ததும் கெளம்பிடறேன்."

"என்ன தம்பி இது? நாலு வருஷம் கழிச்சு அந்த ஊருக்கு ஒரு டாக்டர் வந்திருக்கீங்க."

"வந்து என்ன புண்ணியம்? ஒரு வண்டி வேணும்னு கேக்க வாய் வரல. நான் இருந்தா இன்னும் ரெண்டு பேரு இப்படிப் போவாங்க. வாயுள்ளவனா ஒருத்தன் வரட்டும்."

"பேசறதக் கத்துக்கலாம். ஊசி போடறது மட்டும் பொறக்கும்போதே தெரியுமா?"

"யாரு கத்துக் குடுப்பா மேடம்?"

ஐந்தரை வருடம் மருத்துவக் கல்லூரியில் எத்தனை எலும்பு, எத்தனை நரம்பு! ஒரு நோயாளிக்காக அதிகாரி முன்னால் எழுந்து நின்று பேசுவது எப்படி என்று ஒருவரும் ஒரு மணி நேரம்கூடச் சொல்லித் தரவில்லை. அவர் போய்விட்டால் அந்த நிலையத்துக்கு மறுபடியும் பூட்டுதான். வீட்டுக்கு வந்ததும் முகம்கூடக் கழுவாமல் ஒரு நோட்டை எடுத்துப் பெயர்களை எழுத ஆரம்பித்தேன். பெரம்பலூர், அரியலூர், ஜெயங்கொண்டம், திருமானூர்ப் பக்கமெல்லாம் வேலைக்குச் சேர்ந்து மூன்று வருடம் ஆகாதவர்கள் ஒன்பது பேர் தேறினார்கள். ஐந்து நாள் பயிற்சி. ஆபீஸில் ஒரு ஃபைல் எப்படி நகரும் என்று சொல்ல ஒரு ரிட்டயர்டு தாசில்தார். வழக்கை எடுத்து வைப்பதுபோல் ஒரு விஷயத்தை எப்படி வைப்பது என்று சொல்லித்தர ஒரு வக்கீல். எனக்கு அன்று கால் தரையில் பாவவில்லை!

அதிகாரி சட்டென்று அனுமதி கொடுத்துவிட்டார். "பேஷா நடத்துங்கம்மா. ஆனா நிதி கெடையாது. பேசக் கத்துக்கறதுக்குன்னு எந்தக் கணக்கு ஹெட்டுல நான் காசு எழுதுவேன்?"

சரி, ஊரில் கேட்போம் என்று கிளம்பினேன். நம் ஊர்களில் கொடுக்கிற மனசுக்குக் குறைச்சலே கிடையாது. எங்கள் ஆஸ்பத்திரிக் கட்டிலையும் பெஞ்சையும் மின்விசிறியையும் வந்து பாருங்கள், எல்லாவற்றிலும் 'உபயம்' என்று யாராவது ஒருவர் பெயர் இருக்கும். டியூப்லைட்டில் பெயரைப் பெரிதாக எழுதி வெளிச்சத்தையே பாதி மறைத்திருப்பார்கள். ஒரு ரைஸ்மில் முதலாளி நான் சொன்னதை எல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார், "கட்டில் கேளுங்கம்மா, நாளைக்கே எறக்கறேன். டாக்டருங்களுக்குப் பேச்சு கத்துக் குடுக்கறதுன்னா... உபயம்னு எங்க எழுதறது? அவரு நெத்தியிலயா?" எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே வெறுங்கையோடு வந்தேன். அப்படி ஒரு இடம் இல்லை, பதினோரு இடம்.

லப்பைக்குடிக்காட்டில் எனக்கு ஒரு நோயாளி. சர்க்கரை வியாதிக்கு மாத்திரை வாங்க வருகிற அம்மா. கணவர் பல வருடமாக வளைகுடாவில். வீட்டையும் நிலத்தையும் தெருப் பஞ்சாயத்தையும் ஒற்றை ஆளாக நடத்துகிறவர். பள்ளிக்கூடத்துக்கோ பள்ளிவாசலுக்கோ வசூல் என்றால் அவர் வீட்டில்தான் பேச்சு தொடங்கும். நான் புலம்பியதைக் கேட்டுவிட்டு, "இங்க எதுக்குங்க டாக்டரம்மா அலையறீங்க? எங்க ஆளுவ எல்லாம் சபுர்ல இருக்காங்க, அவங்கள்ட்ட கேளுங்க" என்றார். வெளிநாட்டில் இருப்பதைத்தான் சபுர் என்பார்கள்.

"லெட்டர் எழுதட்டுமாம்மா?"

"லெட்டரா? வேலை முடிஞ்சு வந்த மனுசன் அதை எங்க படிக்கிறது? கேசட்டுல பேசுங்க."

உங்களுக்கு இது தெரியாது. போன் பேசுவது யானை விலை விற்ற காலம். வீட்டுப் பெண்கள் டேப் ரிக்கார்டரில் ஒரு கேசட் நிறையப் பேசி, விமானம் ஏறப்போகிற யாரிடமாவது கொடுத்துவிடுவார்கள். அங்கே வெள்ளிக்கிழமை ஒரே அறையில் பத்துப் பேர் உட்கார்ந்து கேட்பார்கள். அவர்கள் மறுபக்கத்தில் பேசித் திருப்பி அனுப்புவார்கள். ஆகா, இதல்லவா யோசனை என்று துள்ளினேன்.

மறு வெள்ளிக்கிழமை பட்டுப்புடவை கட்டிக்கொண்டு அந்தம்மா வீட்டுக்குப் போனேன். யார் பார்க்கப் போகிறார்கள்! சுற்றி ஏழெட்டுப் பெண்கள், மடியில் குழந்தைகள். மைக்குக்கு முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தேன். எங்கள் நிலையங்களின் நிலைமை, எதெது இல்லை, ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி பழுது, நல்ல டார்ச் லைட் கூடக் கிடையாது, இப்படிப் படிப்படியாக ஏறிப்போய், கடைசியில் பயிற்சியைப் பற்றி உருக்கமாக முடித்தேன். முடித்தபோது என் கண்ணிலேயே தண்ணீர். பெண்கள் எல்லாம் கைதட்டினார்கள்.

ஒன்றரை மாதம் கழித்து, ஊருக்கு வந்த ஒருவர் கையில் பதில் வந்தது. பதில் என்றால் ஒரு பெட்டி! திறந்தால் பளபளவென்று மூன்று ரத்த அழுத்தக் கருவி, ஆறு டார்ச் லைட், அதற்கு பேட்டரி, தைல பாட்டில்கள், எனக்குத் தனியாக ஒரு சென்ட் பாட்டில். காசு கிடையாது. பயிற்சி பற்றி ஒரு வார்த்தை கிடையாது. கேசட்டின் மறுபக்கத்தில், "டாக்டரம்மா கேட்ட சாமானெல்லாம் அனுப்பியிருக்கோம், எங்களுக்காகத் துஆ செய்யுங்க" என்று சந்தோஷமாக ஒரு குரல்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அந்தம்மா கேசட்டைத் திருப்பிப் போட்டு நான் பேசியதை ஓடவிட்டார். என் குரல் கணீரென்று போய்க்கொண்டே இருந்தது. "ஆனால் இவற்றையெல்லாம் விட முக்கியமாக உங்களிடம் நாங்கள் கேட்டுக்கொள்ள விரும்புவது என்னவென்றால்..." டக். நாடா முடிந்துவிட்டது. அந்தப் பழைய ரிக்கார்டரில் நாடா நின்றாலும் பட்டன் மேலே எழும்பாது. நான்தான் கண்ணை மூடிக்கொண்டு முழங்கிக்கொண்டிருந்தேனே! அவர்கள் காதில் விழுந்ததை எல்லாம் அனுப்பியிருக்கிறார்கள். நான் கேட்க வந்தது மட்டும் அவர்கள் காதில் விழவேயில்லை. பெண்கள் சிரித்த சிரிப்பில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தை எழுந்து அழுதது.

என் மருந்தாளுநர் யோசனை சொன்னார், "மெட்ராஸ்ல வித்துட்டா நல்ல வெலைக்குப் போவும் மேடம். பயிற்சிய நடத்திடலாம்." சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு பகல் முழுக்க அதையே யோசித்தேன். சின்ன டாக்டரின் விசா எந்த நேரமும் வரலாம். பொருளை விற்பது இரண்டு நாள் வேலை. ஆனால் ஆஸ்பத்திரிக்கென்று ஒருவர் வியர்வை சிந்தி அனுப்பியதை விற்றுவிட்டு, அடுத்த முறை எந்த முகத்தோடு கேட்பேன்? கருவிகளை ஒன்பது டாக்டர்களின் நிலையங்களுக்கும் முடிந்தவரை பிரித்துக் கொடுத்துவிட்டு, மறுபடி அந்தம்மா வாசலில் போய் நின்றேன்.

அந்தம்மா என்னை விடவில்லை. "ஏங்க டாக்டரம்மா, முக்கியமானதைக் கொண்டுபோய் கடைசியிலயா வெப்பாங்க? நாங்க பேசினா, எடுத்ததும் வூட்ல எல்லாரும் சொகமா இருக்கோம்னு சொல்லிருவோம். அது தெரிஞ்சாத்தான் அவங்களுக்கு மத்தது காதுல ஏறும். அப்புறம் நீங்க பேசவும் வேணாம். தவிக்கிற ஆளு யாரு? அந்த டாக்டரைக் கூட்டியாங்க."

பேச வராதவரை, பேச்சுக் கற்க நிதி கேட்டுப் பேச வைப்பதா? அதுவும் செத்துப்போன ஒரு பெண்ணின் கதையைச் சொல்லி? எனக்குக் கூசியது. சின்ன டாக்டரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் முகம் மாறியது. மூன்று நாள் கழித்து வந்தார். "அந்தப் பொண்ணோட வூட்டுக்காரரைப் போய்ப் பாத்தேன் மேடம். சொல்லட்டுமான்னு கேட்டேன். 'சொல்லுங்க சார், இன்னொருத்தன் பொண்டாட்டி போவக் கூடாது'ன்னாரு. நான் பேசறேன்." பிள்ளைகளே, நிதிக்காக யாருடைய துயரத்தையாவது எடுத்துச் சொல்லப்போனால், முதலில் அந்த வீட்டு வாசலில் போய் நில்லுங்கள். எனக்குத் தோன்றாதது அவருக்குத் தோன்றியது.

எல்லாரையும் அறையை விட்டு வெளியே போகச் சொல்லிவிட்டார். நானும் அந்தம்மாவும் கதவுக்கு வெளியே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். டக்கென்று பட்டனை அழுத்தும் சத்தம். பிறகு கேட்டது. "நான் ஒரு டாக்டர். எங்க ஊர்ல ஒரு பொண்ணு வண்டி இல்லாம செத்துப் போச்சு. அதிகாரிகிட்ட வண்டி கேக்கணும்னு எழுந்து நின்னேன். வாய் வரல, உக்காந்துட்டேன். என்னை மாதிரி ஒன்பது பேரு இருக்கோம். எங்களுக்குப் பேசக் கத்துக் குடுக்க நீங்க ஒத்தாசை பண்ணணும்." அவ்வளவுதான். மூன்று நிமிடம்கூட இருக்காது. அந்தம்மா முக்காட்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் மறைக்காமல் அழுதேன்.

மூன்றே வாரத்தில் பதில்! இந்த முறை பெட்டி இல்லை, கேசட் மட்டும். ஒரே அறையில் பலர் பேசும் இரைச்சல். பிறகு ஒருவர் பேசினார். "டாக்டர் தம்பி, அஸ்ஸலாமு அலைக்கும். இங்க எங்க சூப்பர்வைசர் முன்னால நாங்களும் அப்படித்தான் நிக்கிறோம். ரெண்டு மாசச் சம்பளம் வரலையேன்னு கேக்கப் போவோம். போனதும் 'எஸ் சார்'னு சொல்லிட்டுத் திரும்பி வந்துருவோம். படிச்ச டாக்டருக்கே வாய் வரலன்னு நீங்க சொன்னதை இங்க எல்லாரும் திருப்பித் திருப்பிப் போட்டுக் கேட்டோம். நீங்க கத்துக்குங்க தம்பி. செலவு எங்களோடது. இன்ஷா அல்லாஹ், கத்துக்கிட்டதை டேப்பு பண்ணி எங்களுக்கும் அனுப்புங்க." நான் அந்தம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தேன். எனக்கு அப்போது முப்பத்தாறு வயது, இரண்டு குழந்தைகள், குதித்தேன்!

கோடை விடுமுறையில் அரியலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் நடத்தினோம். ஊரில் நோயாளிகளைத் தவிக்கவிடக் கூடாது என்று ஐந்து பேர் ஒரு தடவை, நாலு பேர் ஒரு தடவை. தாசில்தார் வெற்றிலையை மென்றுகொண்டு, ஃபைலை விட்டுத் தலையையே தூக்காமல், "ம்... என்னா வேணும்?" என்பார். அவர் முன்னால் நின்று ஒவ்வொருவராகக் கேட்க வேண்டும். திருமானூர்ப் பக்கத்து டாக்டரம்மா முதல் நாள் அழுதுவிட்டார். மூன்றாம் நாள் மேசையைத் தட்டி, "தலையத் தூக்கிப் பாருங்க சார், நான் பேசிட்டு இருக்கேன்" என்றார். தாசில்தாருக்கு வெற்றிலை புரையேறிவிட்டது! அவர் அடிக்கடி சொன்னது ஒன்று உண்டு. "வேணும்னு மட்டும் கேட்டா நிதி இல்லம்பான், முடிஞ்சுது கதை. அது எங்க இருக்கு, யாருகிட்ட இருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டுப் போங்க." சின்ன டாக்டர் இரண்டாவது குழு. ஒரு மூலையில் உட்கார்ந்து நோட்டில் எழுதிக்கொண்டே இருந்தார். கடைசி நாள் மத்தியானம் என்னிடம் ஒரு கவரைக் காட்டினார். விசா வந்துவிட்டது. "இந்த மாசக் கூட்டத்துக்கு மட்டும் வந்துட்டு, அப்புறம் கெளம்பறேன் மேடம்." வாழ்த்துச் சொன்னேன், வேறென்ன சொல்வது?

கூட்ட நாள். "வேற யாராச்சும்?" என்றார் அதிகாரி. சின்ன டாக்டர் எழுந்தார். காது சிவந்துதான் இருந்தது. ஆனால் பேசினார்.

"எங்க நிலையத்துக்கு வாரத்துல ரெண்டு நாள் ஜீப் வேணும் சார். புது ஜீப் கேக்கல. பக்கத்து நிலையத்துல ஒரு ஜீப் இருக்கு. புதனும் சனியும் அது வாசல்லயேதான் நிக்குது. ஒரு வருஷ லாக் புக்கைப் பாத்துட்டேன்."

என் ஜீப்! என் லாக் புக்! எப்போது பார்த்தார் மனுஷன்? நான் துள்ளி எழுந்தேன். டீசல் என்றேன், அவசரம் என்றேன், முகாம் என்றேன், டிரைவருக்கு ஓய்வு வேண்டாமா என்றேன். ஒவ்வொன்றுக்கும் பதில் வைத்திருந்தார். குரலை உயர்த்தவில்லை. வக்கீல் சொல்லித் தந்தது, தாசில்தார் சொல்லித் தந்தது, எல்லாம் நான் நிதி திரட்டி வாங்கிக் கொடுத்தது, எல்லாம் என் மேலேயே வந்து விழுந்தது. எட்டு மாதம் ஊரெல்லாம் அலைந்தேனே, இந்த ஜீப்பை ஒரு நாளாவது நினைத்தேனா?

கடைசியாகச் சொன்னார், "அந்தப் பொண்ணு போனது ஒரு சனிக்கிழமை சார்."

நான் உட்கார்ந்துவிட்டேன்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "எல்லாஞ் சரி. ஜீப்ப வாங்கிக்கிட்டு நீங்க துபாய்க்குப் பறந்துட்டா? விசா வந்துருச்சுன்னு சொன்னாங்களே?"

இதற்குப் பதில் சொல்ல ஐந்து நாளில் நாங்கள் யாரும் அவருக்குக் கற்றுத்தரவில்லை. எல்லாரும் அவரையே பார்த்தோம். மேசை விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"வண்டி வந்தா இருப்பேன் சார். எல்லாரும் கேட்டுக்குங்க, நான் இருப்பேன்."

நான்தான் முதலில் கைதட்டினேன். தோற்றவள் கைதட்டுவதைப் பார்த்து அதிகாரி சிரித்துவிட்டார். அங்கேயே கையெழுத்தும் போட்டார்.

அடுத்த புதன்கிழமை காலையில் ஜீப் கிழக்கே போனது. எனக்கு அது இல்லாமல் வாசல் வெறிச்சென்று இருந்தது, கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருந்தது, பொய் சொல்லமாட்டேன். மத்தியானம் ஹாரன் அடித்துக்கொண்டே திரும்பி வந்தது. பின்னால் ஒரு கர்ப்பிணிப் பெண் படுத்திருந்தாள். பக்கத்தில் சின்ன டாக்டர், முட்டி போட்டு, ஒரு கையில் சலைன் பாட்டிலை உயர்த்திப் பிடித்துக்கொண்டு. "மேடம், சீக்கிரம்" என்றார். எங்களுக்குப் பேச நேரமில்லை. கையைக் கழுவிக்கொண்டு இரண்டு பேரும் உள்ளே ஓடினோம்.